இரத்தத்தில் தெரியாத வருத்தம்

செவ்வாய்க்கிழமை, இரவு

இவரின் இரத்தச் சோதனை முடிவு இன்று வந்தது. இரண்டு மாதமாகக் கடலுக்குப் போகாமல், சரியாகச் சாப்பிடாமல் படுத்தே கிடக்கிறார். பக்கத்து வீட்டு அக்காவும் இப்படித்தான் கிடந்தார். தைரொயிட் என்று கண்டுபிடித்துக் குளிசை கொடுத்த பிறகு எழும்பிவிட்டார். இவருக்கும் அதுவாகவே இருக்கவேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தேன்.

தைரொயிட், சீனி எல்லாம் சரி என்றார் டொக்டர்.

"அப்ப எனக்கு வருத்தம், நோய் ஒண்டும் இல்லையோ?" என்று இவர் கேட்டார்.

"வருத்தம் இருக்கு. உது மனச்சோர்வு. இரத்தத்திலை தெரியாது," என்று சொல்லி, வியாழக்கிழமை மனநலக் கிளினிக்குக்குப் போகச் சொன்னார்.

பஸ்ஸால் பருத்தித்துறையில் இறங்கும்போது இவர், "அண்ணைக்கு என்ன சொல்லுறது?" என்றார். இவரும் இவரின் அண்ணரும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். தம்பிக்குச் சோம்பல் என்று அண்ணர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

பின்னேரம் அண்ணர் வந்து முடிவு என்னவென்று கேட்டார். தைரொயிட் என்று பொய் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் இவர் எழும்பி இருந்து, "இரத்தத்திலை ஒண்டுமில்லை அண்ணை. ஆனா என்னாலை ஏலாமல் கிடக்கு," என்றார்.

அண்ணர் இவருக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். பிறகு, "வியாழக்கிழமை நான் தொழிலுக்குப் போகேல்லை. உன்னோடை கிளினிக்குக்கு வாறன்," என்றார்.

இவர் "ஓம்" என்று மட்டும் சொன்னார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

கிளினிக்கில் தரப்போகும் குளிசை கேட்குமோ தெரியாது. வியாழன் விடிய மூன்று பேருக்குப் பிட்டு அவிக்கவேண்டும். மாவை நாளைக்கே வறுத்து வைத்தால் நல்லது.