தீவுக்கு ஒரு மருத்துவிச்சி

எசன், ஜெர்மனி
14.9.1987

அன்பு மகள் சிவமலருக்கு அப்பா எழுதுவது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது, முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன்னையும் அம்மன் ஒரு குறையில்லாமல் வைத்திருப்பாள் என்று நம்புகிறேன். உன் கடிதம் பதினெட்டு நாளில் கைக்கு வந்தது. இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊர்காவற்றுறையில் இருந்து வள்ளம் ஒழுங்காக ஓடுகிறது என்று எழுதியிருந்தாய், அந்த இடத்தை மட்டும் கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

கூட்டம் என்பது இங்குள்ள எங்கள் தீவுக்காரர் ஞாயிறுதோறும் ஜேசுரட்ணம் வீட்டில் கூடுவது. சண்டை ஓய்ந்துவிட்டது, இனித் தீவை எப்படி நிமிர்த்துவது என்று பேசுகிறோம். அரசாங்கக் கச்சேரியில் திட்டப் பகுதியில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன் என்று என்னையே திட்டம் எழுதச் சொன்னார்கள், இங்கே சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற கைக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்தது மகள். எரிந்த இறங்குதுறையைக் கட்டுவது, மீனுக்கு ஐஸ் அறை, உப்பேறிய கிணறுகளைத் துப்புரவாக்குவது, எல்லாம் எழுதினேன். ஆனால் போன சனம் திரும்பினால்தான் தொழில், பிள்ளை பெற இடமில்லாத தீவுக்கு எந்த இளம் குடும்பமும் திரும்பாது, ஆகவே முதலில் வைத்தியசாலை என்று போட்டேன். உன் அம்மா பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுபோன வள்ளத்தில், கரை தெரிகிற தூரத்தில் கண்ணை மூடியதையும் எழுதினேன். உதவ முன்வந்திருக்கும் தேவாலயச் சபையின் ஜெர்மன் அம்மா அதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, கட்டடம் சரி, அங்கேயே தங்கிப் பார்க்கப் படித்த ஆள் யார் என்று கேட்டார். தீவில் படித்த மருத்துவிச்சி நீ ஒருத்திதானே, உன் பெயரைச் சொன்னேன். எத்தனை காலம் என்றார். பத்து வருடம் என்றேன்.

சிறீதரனுக்கு வதிவிட அனுமதி கிடைத்துவிட்டதாம், அவரைக் கட்ட நாலு வருடம் காத்திருந்துவிட்டேன், எப்போது வரலாம் என்று கேட்டிருந்தாய். அவன் போன மாதம், உன்னைக் கூப்பிடுவதற்கான அன்ராக் என்கிற விண்ணப்பப் படிவத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். மலருக்கு இங்கே வர விருப்பமில்லை என்று சொன்னேன். மாமா, மலர் தன்ரை வாயாலை சொன்னவவோ என்று கேட்டான். ஓம், எழுதியிருக்கிறாள் என்றேன். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பினான். எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று சொல்லிப் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். நீ அவனுக்கென்று என் முகவரிக்கு எழுதிய இரண்டு கடிதமும் என்னிடம்தான் இருக்கின்றன. நான் உடைத்துப் பார்க்கவில்லை, அது எனக்குப் பழக்கமில்லை. போன வெள்ளிக்கிழமை இங்குள்ள இரத்தினத்தின் மகளோடு அவனுக்குக் கலியாணப் பதிவு நடந்தது. பேசி முடித்தது நான்தான், சாட்சிக் கையெழுத்தும் நானே. நல்ல பெடியன், தனியே கிடந்து கெட்டுப்போகக் கூடாது.

ஜேசுரட்ணத்தின் மனைவி பிளோறன்ஸ் மட்டும் எல்லோர் முன்னாலும், பிள்ளையைக் கேட்டனீங்களோ அண்ணை என்றாள். அப்ப நீங்களே போய் நிண்டு கட்டுங்கோவன் என்றும் சொன்னாள். என் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை, இங்கிருந்து போனால் திரும்பி வர ஏலாது, திட்டம் போடுகிறவன் சபைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். அவளுக்கு இது விளங்காது. உனக்கு விளங்கும்.

அழுகை வரும். இரண்டு நாள் அழு, மூன்றாம் நாள் வீடு வீடாகப் போய் வயிற்றுப் பிள்ளைக்காரிகள் எத்தனை பேர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று எழுதி அனுப்பு. வெயிலில் குடை இல்லாமல் திரியாதே. நேரத்துக்குச் சாப்பிடு, கடைசியாக வந்த படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது.

தீவுச் சனம் உன்னைக் கையெடுத்துக் கும்பிடும் காலம் வரும், அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் என்னிடம் இல்லை. ஒன்றை மறந்துவிடாதே. சபையின் சம்மதப் பத்திரத்தில் உன் கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்துவிட்டேன், உன் கடிதத்தைப் பார்த்துத்தான் போட்டேன், ஆனால் முதல் எழுத்து கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. மார்கழியில் அந்த அம்மா தீவுக்கு வந்து கையெழுத்துக் கேட்பார். அதற்குள் நீயும் அப்படியே சாய்த்துப் போட்டுப் பழகிக்கொள்.

உன்மேல் உயிரை வைத்திருக்கும் அப்பா
க. ஞானசுந்தரம்