இருபத்திரண்டு ஜடை

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தை நேரத்துக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறார்களா?

நேற்று மத்தியானம் கோடை முகாமில் ஒரே கூத்து. காற்றோடு மழை வந்து, பிள்ளைகளின் கூடாரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஓட்டினேன். ஒருத்தி அழ ஆரம்பித்தாள், மற்ற இருபத்தொன்றும் சேர்ந்துகொண்டன. இந்த ஆயாவுக்குக் கை இரண்டுதானே! தலையைத் துவட்டி, வரிசையாக உட்காரவைத்து ஜடை பின்னினேன். ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியாக ஒரு வாண்டு, நம் பாப்பா வயதுதான். ரப்பர் பேண்டைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு தரமாட்டேன் என்றது.

"இதைப் போட்டா நீங்க எழுந்து போயிடுவீங்க."

பின்னியதை அவிழ்த்து மறுபடி பின்னினேன். நாலு தடவை.

அடுத்த முகாமுக்கும் என்னை இருக்கச் சொல்லிவிட்டார்கள். மகள் பள்ளிக்கூடம் போகணும் என்று கெஞ்சிப் பார்த்தேன். மேடம் காதில் ஏறவில்லை. பள்ளி திறப்பதற்குள் வர முடியாது.

பாப்பாவுக்குப் பின்னிவிட உங்களுக்கு வரவில்லை, முடியை வெட்டிவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். எப்படிப் பின்னுவது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியை மூன்று காலாகப் பிரித்து என்பதற்கு மேல் எழுத வரவில்லை. எல்லாம் கையில்தான் இருக்கிறது.

வெட்டிவிடுங்கள். கடையில் வெட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், கத்தரிக்கோலைப் பார்த்தால் பயப்படுவாள்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். வெட்டிய பிறகு போட்டோ மட்டும் அனுப்ப வேண்டாம்.

பாப்பாவின் அம்மா