முள்ளில் ஒரு பூவரச இலை

நேற்றுக் காலை பீப்பீ சத்தம் கேட்டதும் தையலைப் போட்டுவிட்டு எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். எதற்காக எழுந்தேன் என்று வாசற்படிக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். பூவரச இலையைச் சுருட்டி, நுனியைக் கடித்துச் சப்பையாக்கி ஊதும் அந்தச் சத்தம் கேட்டால் எல்லாரும் தண்ணீரை விட்டு வெளியே வந்தாக வேண்டும். நீ போட்ட சட்டம். இத்தனை வருஷம் கழித்தும் என் கால்கள் அதற்குப் பணிகின்றன. பார்த்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய்.

ஊதியது அஞ்சலையின் மகள். ஆறு வயசு, முன்பல் இரண்டும் இல்லை. அவளுக்குச் சரசு என்று என் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் சொந்தமும் இல்லை, சாதிசனமும் இல்லை, அப்படியிருந்தும் வைத்தார்கள். அது ஏன் என்பதற்கு ஊர் சொல்லும் கதை ஒன்று. உண்மை வேறு, அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது. இனி எனக்கு மட்டும்தான் தெரியும். உனக்கு எழுத்து தெரியாது, அதனால் இத்தனை வருஷத்தில் ஒரு வரிகூட உனக்கு எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன், பார்.

பாகூர் ஏரிக்கரையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்திய அந்தக் கோடை நீச்சல் முகாமை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வெளிச்சம்தான். விடிந்ததும் தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் இருக்கும், கரை எது என்று தெரியாது. அந்த மங்கலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நீ நடந்துகொண்டிருப்பாய். கோடையில் ஏரி தினமும் ஒரு சாண் உள்வாங்கும். பிள்ளைகள் தாண்டக் கூடாத எல்லைக்கு முதல் நாள் நட்ட மூங்கில் கழிகள் மறுநாள் சேற்றில் நிற்கும். பிள்ளைகள் எழுந்திருக்கும் முன் அவற்றைப் பிடுங்கி, காலால் தரையைத் துழாவி, புது இடத்தில் நட்டு, கயிற்றை மறுபடி கட்டுவாய். வண்டல் மண் வெட்டிய பழைய குழிகள் எங்கெங்கே என்று உன் பாதத்துக்குத் தெரியும். நான் கரையில் நின்று, கயிறு கோணலாக இருக்கிறது என்பேன். "ஏரி கோணலாத்தானே இருக்குது வாத்தியாரம்மா" என்பாய்.

புதுச்சேரிப் பட்டணத்திலிருந்து பெண் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். ஊர்த் தலைவர் மேர் அனுமதி கொடுத்து, கீற்றுக்கொட்டகை போட்டு, எல்லாம் பெரிய ஏற்பாடு. பள்ளிக்கூடத்துத் தலைமைக் கன்னியாஸ்திரி, பெரிய மாசேர், என்னைத் தலைவியாக்கி, கழுத்தில் ஒரு பித்தளை ஊதலையும் மாட்டி அனுப்பினார். எனக்கு நீச்சல் தெரியாது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிருமாம்பாக்கத்திலிருந்து சமையலுக்கு ஒருத்தி, கயிற்றோரம் நிற்க இரண்டு பேர், தண்ணீருக்குப் பொறுப்பாக நீ. உன்னைச் சேர்த்தபோது உன் தெரு எது என்று சமையல்காரி என் காதில் சொன்னாள். தண்ணீரில் இறங்க உன்னைவிடத் தெரிந்தவள் கிடைக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். பெரிய மனசு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன், வெட்கக்கேடு.

முதல் நாளே நமக்குச் சண்டை. அந்த ஊதலைக் கழற்றச் சொன்னாய். "ஒங்க கழுத்துல கிடந்தா நீங்க ஊதுவீங்க, என் கையில இருந்தா நான் ஊதுவேன். ரெண்டு வாய் ஊதினா புள்ளைங்க எதைக் கேக்கும்?" எனக்குச் சுருக்கென்றது. கயிற்றோரம் நின்ற பெண்கள் நடவுப் பாட்டை முணுமுணுத்தபோது அதையும் நிறுத்தினாய். பாடினால் தண்ணீர் சத்தம் கேட்காதாம். பனைமர நிழல் கழியைத் தொட்டால் ஆள் மாற வேண்டும், அதுவரை பேசக் கூடாது, உட்காரக் கூடாது. தலைவி நானா இவளா என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். நீ கண்டுகொள்ளவே இல்லை.

கரையில் ஒரு கருவேலங்கிளையை வெட்டி நட்டிருந்தாய். தண்ணீரில் இறங்குகிறவள் ஒரு பூவரச இலையை முள்ளில் குத்திவிட்டு இறங்க வேண்டும், ஏறி வந்ததும் எடுத்துவிட வேண்டும். "முள்ளுல எலை இருந்தா தண்ணியில ஆள் இருக்குது. அது போற வரைக்கும் நான் கரையை வுட்டுப் போவமாட்டேன்." எனக்கு அது சின்னப்பிள்ளை விளையாட்டாகப் பட்டது. நான் எண்ணுகிற விதம் வேறு. பிள்ளைகள் ஏறி வந்ததும் ஆளுக்கொரு வேர்க்கடலை உருண்டை. மல்லாட்டை என்று நீ திருத்துவாய். முப்பத்திரண்டு உருண்டை பிடிப்போம். தட்டு காலியானால் எல்லாரும் வந்தாயிற்று. படித்தவள் கணக்கு.

அஞ்சலைக்கு அப்போது ஒன்பது வயசு. பாகூர் மேற்குப் பக்கத்து நிலக்காரர் வீட்டுப் பெண், பட்டணத்தில் தங்கிப் படித்தவள். தினமும் எனக்கு ஓர் அல்லிப்பூ பறித்துக் கொடுப்பாள். நான் அதைத் தலையில் வைத்துக்கொள்வேன், அவள் முகம் மலர்ந்துபோகும்.

அன்றைக்கும் நீ ஊதினாய். சளசளவென்று எல்லாரும் ஏறி ஓடிவந்தார்கள். நான் உருண்டை கொடுத்தேன், தட்டு காலியானது. எல்லாரும் வந்தாச்சு, நீயும் வந்து சாப்பிடு என்று கூப்பிட்டேன். நீ முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ஓர் இலை இருந்தது. எவளோ எடுக்க மறந்திருப்பாள், வா என்றேன். நீ அசையவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. தட்டைக் கொண்டுவந்து உன் முன்னால் நீட்டி, முப்பத்திரண்டும் போயிற்று, கண் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"தள்ளுடி" என்றாய்.

அவ்வளவுதான். கோரைப்புல் பக்கமாக நீ ஓடியதும், பாய்ந்ததும், தண்ணீர் மூடிக்கொண்டதும். ஏரி அமைதியாக இருந்தது. ஒரு கொக்கு நின்ற இடத்திலேயே நின்றது. நான் தட்டைப் பிடித்தபடி அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போதும் கண்ணை மூடினால் அங்கேதான் நிற்கிறேன். நீ இரண்டு முறை தலை தூக்கி மூச்சு வாங்கி மறுபடி மூழ்கினாய். மூன்றாம் முறை எழுந்தபோது உன் தோளில் அஞ்சலை கிடந்தாள். அவள் கையில் அல்லித்தண்டு சுற்றியிருந்தது.

நான் முழங்கால் தண்ணீர் வரை ஓடிவந்து வாங்கிக்கொண்டேன். அதுதான் நான் செய்த வீரம். நீ அவளைக் கவிழ்த்துத் தண்ணீரை எடுத்தாய், வாயோடு வாய் வைத்து ஊதினாய். இலையை ஊதுகிற அதே வாய். அவள் இருமியதும் என் மடியில் போட்டுவிட்டு, அழுதுகொண்டிருந்த மற்றப் பிள்ளைகளிடம் ஓடினாய். அவள் கண்ணைத் திறந்து பார்த்தது என்னை. "நீங்களாம்மா என்னைத் தூக்கினீங்க?" என்றாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். திரும்பி வந்து முந்தானையைப் பிழிந்துகொண்டு நின்ற நீ அதைக் கேட்டாய்.

ஒருத்தி பின்பக்கமாக வந்து இரண்டாவது உருண்டை வாங்கியிருக்கிறாள், அது சாயங்காலம்தான் தெரிந்தது. அதை உன்னிடம் சொல்ல வந்தேன். நீ வேறு பேசினாய். "அவங்க வூட்ல கேட்டா நீங்க தூக்கினதாவே இருக்கட்டும் வாத்தியாரம்மா. நான் வாய் வெச்சேன்னு தெரிஞ்சா இன்னா பண்ணுவாங்களோ. புள்ளைய அப்புறம் ஏரிப் பக்கமே வுடமாட்டாங்க. அது நல்லா நீந்தும், பாருங்க." மறுபடி வாத்தியாரம்மா ஆகிவிட்டேன். அவள் அப்பா வந்து என் காலில் விழப் போனார். நான் வேண்டாம் வேண்டாம் என்றேனே தவிர, நான் இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளைக்காகத்தான் சொல்லவில்லை என்று பல வருஷம் என்னை ஏமாற்றிக்கொண்டேன். எனக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது, அதுதான் நிஜம்.

அதற்குப் பிறகு பத்துக் கோடை நாம் சேர்ந்து நின்றோம். நான் பாகூரிலேயே தங்கிவிட்டேன். முள்ளைப் பார்க்காமல் நான் யாருக்கும் உருண்டை கொடுத்ததில்லை, நீயும் அதைக் குத்திக்காட்டியதில்லை. அந்தப் பேரைப் பற்றி ஒருநாளாவது கேட்டுவிடு என்று காத்திருந்தேன். இன்னொரு தடவை டி போட்டுக் கூப்பிட மாட்டாயா என்றும் காத்திருந்தேன். கல்யாணமாகி அஞ்சலை இந்தத் தெருவுக்கே வந்தாள். குழந்தைக்கு என் பேர் வைத்த அன்று நீ வாசலுக்கு வெளியே நின்று, நல்ல பேர் என்றாய்.

நேற்று அந்த இலைச் சத்தம் நின்றதும் அஞ்சலையை உள்ளே கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைக்குப் பேரை மாற்றினாலும் மாற்றட்டும், இந்த வாசலை மிதிக்காமல் போனாலும் போகட்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவங்க இருக்கும்போது ஏம்மா சொல்லல?"

கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் அவளே வந்து, ஏரிக்குப் போகலாம் வாங்க என்றாள். சின்னச் சரசுவும் வந்தாள். ஒரு கருவேலங்கிளையை ஒடித்து நட்டேன். முறையைச் சொல்லிக்கொடுத்தேன். யார் சொன்ன முறை என்று குழந்தை கேட்டாள். உன் பேரைச் சொன்னேன். அஞ்சலை அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். குழந்தை இரண்டு இலை குத்தினாள். ஒன்று தனக்காம், ஒன்று உனக்காம்.

அம்மாவும் பெண்ணும் தண்ணீரில் இறங்கி அளைந்தார்கள். ஏறி வந்ததும் குழந்தை தன் இலையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். மற்றது முள்ளிலேயே இருந்தது. தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகிக்கொண்டிருந்தன. போகலாம்மா என்று அஞ்சலை கூப்பிட்டாள். நீங்கள் போங்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கோரைப்புல் பக்கம் பார்த்தபடி கரையிலேயே நின்றேன்.