அம்மா எந்தப் பாதி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்கவேண்டும்.

நேற்று ஆஸ்பத்திரியில் என் மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் மூளை ஸ்கேனை டாக்டர் திரையில் காட்டினார். நமக்கும் நாலு விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா? வெள்ளையாக, உருண்டையாகத் தெரிந்ததைத் தொட்டு, "நீங்க வச்ச செல்லு நல்லா வளர்ந்திருக்கே சார்" என்றேன். "அது அவங்க கண்ணுங்க" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ் இருமுகிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

ஃபோன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்காதே. வீட்டில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். பட்டறையிலிருந்து பேசினாலோ நான் உளறிவிடுவேன். அதனால் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பழியைக் கிரீஸ்மேல் போட்டுவிடு.

போன வருடம் நீதானே தேடிப்பிடித்து இந்த ஆராய்ச்சியில் அம்மாவைச் சேர்த்தாய். நடுக்க வியாதியில் செத்துப்போன செல்லுக்குப் பதிலாக மூளை ஸ்டெம் செல்லை வைப்பார்கள், அது வேண்டிய செல்லாக மாறிக்கொள்ளும் என்றாய். ஸ்பேர் பார்ட் என்று நான் புரிந்துகொண்டேன். ஆனால் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் செல். மீதிப் பேருக்கு மண்டையில் சின்னத் துளை மட்டும் போட்டுத் தைத்துவிடுவார்கள். யார் எந்தப் பாதி என்று கடைசியில்தான் சொல்வார்கள். அம்மாவும் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டாள்.

நாம் யாரும் சந்தேகப்பட்டதே இல்லை. பொத்தான் போட முடியாமல் அழுதவள், இப்போது காபியை விளிம்புவரை ஊற்றிக் கூடம் முழுக்க நடந்து, "ஒரு சொட்டு சிந்துச்சா, பாருங்க" என்று சவால் விடுகிறாள். எந்தப் பாதி என்று சொல்கிற நாளான நேற்றும், "நீங்களே கேட்டுட்டு வாங்க. என் தலைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவுக்கு ஒன்றும் வைக்கவில்லையாம், குட்டிம்மா. துளை மட்டும்தான்.

வைத்துவிட்டார்கள் என்ற நம்பிக்கையிலேயே மூளை கொஞ்ச காலம் தெம்பாக ஓடுமாம். எவ்வளவு காலம் என்று கேட்டேன். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். நிஜமாகவே செல் வைத்தவர்களில் சிலருக்கு நல்ல பலன், சிலருக்கு இல்லை. அம்மா சம்மதித்தால் அவளுக்கும் இனி வைப்பார்களாம். ஆனால் விஷயம் தெரிந்து அவளே மறுபடி கையெழுத்துப் போடவேண்டும். சொன்னால் இருக்கிற தெம்பும் போய்விடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் நிஜ செல்லும் இல்லை. "நானே அவங்ககிட்ட பேசறேன்" என்று எழுந்தவரின் கையைப் பிடித்துக் கெஞ்சி, மாதக் கடைசிவரை தவணை வாங்கியிருக்கிறேன்.

பார்ட் மாற்றாமலே வண்டி ஓடிவிட்டால் பட்டறையில் நான் கமுக்கமாக இருந்துவிடுகிற ஆள். இவளிடம் அப்படி இருக்க முடியவில்லை. லீவு கிடைத்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போம்மா. நீ பக்கத்தில் இருந்தால் உளறாமல் சொல்லிவிடுவேன். உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது.

நேற்று நான் வெளியே வந்ததும், "செல்லு வேர் பிடிச்சிருக்காமா?" என்று அம்மா கேட்டாள். தலையை ஆட்டிவைத்தேன். என் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் முதுகைப் பார்த்தபடி மனதுக்குள் சொன்னேன்: உள்ள ஒண்ணும் வைக்கலடி. இத்தனை நாளா அந்தக் கையை நடுங்காம நிறுத்திவச்சது நீயேதான்.

உன் அப்பா