மூன்று இடத்தில் கையெழுத்து

ஜூலை 6, 2025, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. கோட்டின் மேல் உட்கார் என்றால் கீழே தொங்குகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரிடம் கேட்கிறேன் இதை? இந்த நோட்டைப் படிக்கப்போவது நான் ஒருவன்தான்.

என் பெயர் தைரியநாதன். வயது எழுபத்தொன்று. ஊர் அமராவதிபுதூர். இவ்வளவும் நானே எழுதியது, யாரும் கையைப் பிடிக்கவில்லை! முதியோர் வகுப்பு டீச்சர் காளீஸ்வரிதான், "தினம் நடந்ததை எழுதுங்க தாத்தா, கை பழகிரும்" என்று இந்த நோட்டைக் கொடுத்தார். நாற்பது வருஷம் மூட்டை தூக்கிய கை. பேனா அதைவிடக் கனம்.

இன்று நடந்தது: பேத்தி ஜெரினாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஜோத்பூராம். எங்குட்டு இருக்கிறது என்று கேட்டேன்.

"பாலைவனத்துல ஐயா. ரயில்ல மூணு நாளு."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

ஜூலை 8

மூன்று நாள் ரயில்.

ஜூலை 10

கல்லூரியிலிருந்து சேர்க்கைக்கும் விடுதிக்கும் சேர்த்துப் படிவம் வந்தது. ஜெரினாவுக்கு நாலு வயதில் அம்மா தவறிவிட்டாள். அப்பன் பெனோ, என் மகன், குவைத்தில் கிரேன் ஓட்டுகிறான். வளர்த்தது நானும் என் தங்கை செபஸ்தியம்மாளும்தான். ஆகவே காப்பாளர் என்ற இடத்தில் என் பெயர். மூன்று இடத்தில் கையெழுத்து வேண்டும். நோட்டில் எப்படியும் எழுதலாம்; படிவத்தின் சின்னக் கோட்டுக்குள் பெயர் நேராக நிற்க என் கைக்கு இன்னும் வரவில்லை.

"கட்டை விரலை அமுக்கித் தொலைங்கண்ணே, ஒரு நிமிச வேலை" என்றாள் தங்கை.

ஜெரினா பாய்ந்து வந்தாள். "வேணாம். எங்க ஐயா எழுதித்தான் நான் போவேன். போன்ல படம் புடிச்சு அனுப்புனாப் போதும், இருபத்தஞ்சாம் தேதி வரைக்கும் நாள் கெடக்குல்ல. அதுக்குப் பெறகுதான் இடத்தை வேற பிள்ளைக்குக் குடுப்பாக."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

ஜூலை 13

கையெழுத்து வந்துவிட்டது! வகுப்பில் டீச்சர் அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். "தாசில்தார் கையெழுத்துத் தோத்துச்சு தாத்தா." வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாற்பது தடவை போட்டேன். நாற்பதும் ஒரே அச்சு. டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி கீழே தேதியும் போட்டேன்.

சாயங்காலம் ஜெரினா கேட்டாள், "வந்துருச்சா ஐயா?"

"இன்னும் இல்ல தாயி. பேரோட மொத எழுத்து, அந்தத் தை, சாஞ்சு சாஞ்சு போகுது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூலை 16

கொண்டுபோக வேண்டிய சாமான் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பியிருக்கிறார்கள். வாளி, பூட்டு, இரண்டு படுக்கை விரிப்பு, ஒரு கம்பளி.

"பாலைவனத்துக்கு எதுக்குடி கம்பளி? வெந்து சாகவா?" என்றாள் தங்கை.

"பகல்லதான் வேகும். டிசம்பர்ல ராத்திரி பல்லு கிட்டுமாம்."

நானே காரைக்குடி செக்காலைக் கடைக்குப் போய் வாங்கிவந்தேன். இந்த வெயிலில் கம்பளி கேட்டால் கடைக்காரர் சிரிக்காமல் என்ன செய்வார். பரண் மேலிருந்து இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸின் பலகையை நானே படித்து ஏறினேன். யாரையும் கேட்கவில்லை! வீட்டுக்குள் நுழையும்போதே ஜெரினாவிடம் கத்திச் சொன்னேன். கை தட்டினாள்.

அப்புறம் கம்பளியை மடித்துக்கொண்டே நினைத்தேன். இனிமேல் எதையாவது படித்தால் யாரிடம் ஓடிவந்து சொல்வேன்?

ஜூலை 19

இன்றும் கேட்டாள். இன்றும் தை சாய்கிறது என்றேன்.

ஜூலை 21

ஜெரினா சைக்கிளில் வரும்போது முக்கில் திரும்பியதுமே இரண்டு மணி அடிப்பாள். நான் வந்து கதவைத் திறக்க வேண்டும். தாழ்ப்பாள் அவளுக்கே எட்டும். எட்டி ஆறு வருஷம் ஆச்சு. இருந்தாலும் அடிப்பாள்.

இன்னும் நாலு நாள் இழுத்தால் போதும். இருபத்தஞ்சு தாண்டிரும். இங்குட்டே காரைக்குடியில ஏதாச்சும் படிக்கட்டுமே, என்ன கெட்டுப்போச்சு? — சீ. என்ன எழுதுறேன் நான்? பிள்ளை எத்தனை நாளாப் படிச்ச படிப்பு.

ஜூலை 23

இன்று மாட்டிக்கொண்டேன்.

நோட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். எழுபத்தொரு வருஷமாக என் மனதில் இருந்ததை யாரும் பார்த்ததில்லை. எழுதிவிட்டால் அது வெளியே கிடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பி வந்தால், ஜெரினா மடியில் நோட்டு. கடைசிப் பக்கம்.

"தேதி வேற போட்டிருக்கீக" என்றாள். கோபமில்லை. "பத்து நாளாவா ஐயா?"

நான் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டேன்.

"போக வேணாம்னு வாயால சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ போகமாட்டியே தாயி."

"ஆமா. போகமாட்டேன்." படிவத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தாள். "இப்பச் சொல்லுங்க. கேட்டுக்கிறேன்."

சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். வாய் வரைக்கும் வந்தது.

பேனாவை எடுத்தேன். கை நடுங்கியது. தை நிஜமாகவே சாய்ந்தது. கடைசி எழுத்து கோட்டை விட்டு இறங்கி ஓடியது. மூன்று இடத்திலும் அப்படித்தான்.

தங்கை எட்டிப் பார்த்தாள். "இதுக்கா இத்தனை நாளு? கோழி கிண்டுன மாதிரி இருக்கு."

ஜெரினா சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முப்பதாம் தேதி லீவில் வந்த பெனோதான் கூட்டிக்கொண்டு போனான். ஸ்டேஷனில் எல்லாப் பலகையையும் படித்தேன். ரயில் நகர்ந்தது. கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய பெருக்கல் குறி. அதையும் படித்தேன். அதற்குப் பின்னால் படிக்க ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 5

தெருமுக்கில் யார் வீட்டுப் பிள்ளையோ மணி அடித்தது. எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் ஜெரினா போனில் வந்தாள். இப்போதே குளிர் தொடங்கிவிட்டதாம். கம்பளி நல்ல கம்பளியாம். பக்கத்துக் கட்டில் பிள்ளையும் அதற்குள்தான் காலை நுழைக்கிறதாம்.

"கிறிஸ்துமஸுக்கு வரணும்னா காப்பாளர் கைப்பட லெட்டர் வேணும் ஐயா. கையெழுத்தைப் படிவத்தோட வச்சுப் பாப்பாக. அதுனால அந்தக் கோழி கிண்டுன மாதிரியே போடணும். அழகாப் போட்டீகன்னா என்னைய விடமாட்டாக!"

லெட்டர் எழுதிவிட்டேன். முழுப் பக்கம். ஆனால் கையெழுத்துதான், மத்தியானத்திலிருந்து போட்டுப் பார்க்கிறேன், கோணல் வரமாட்டேன் என்கிறது. எப்படிப் போட்டாலும் தை நிமிர்ந்து நிற்கிறது.

"அவ வாரான்னு தெரிஞ்ச பெறகு கை எப்பிடிண்ணே நடுங்கும்?" என்கிறாள் தங்கை.

லெட்டர் போய்ச் சேர இன்னும் நாள் இருக்கிறது. தினம் இருபது தடவை பழகப் போகிறேன். வருகிற ஞாயிறு இதே நோட்டில் நல்ல கோணலாக ஒன்று போட்டுவைக்கிறேன்.