மெர்வ் எங்கே என்று அப்பா கேட்டால்

அன்பு மகன் பிரெண்டனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் உடம்புக்கு ஒரு குறையுமில்லை, நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார், எனக்கும் முழங்கால் வலியைத் தவிர வேறொன்றுமில்லை. ஸ்காட்லாந்துக் குளிரில் நீயும் மோராகும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

கேரவன் வீட்டைக் காருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு கிளம்புங்கள், நாலு பேரோடு பழகினால் அப்பாவின் மறதிக்கு நல்லது என்று போனில் சொன்னாய் அல்லவா, பழகினோம். டார்லிங் ஆற்றங்கரையில் யாரும் காசு கேட்காத ஓரிடத்தில் நிறுத்தியபோது பக்கத்தில் மெர்வும் அவர் மனைவி லொரெய்னும் இருந்தார்கள், இன்னும் இரண்டு ஜோடிகளும். சாயங்காலமானால் அவரவர் மடக்கு நாற்காலியையும் அவரவர் பீரையும் தூக்கிக்கொண்டு போய் நெருப்பைச் சுற்றி உட்கார வேண்டும், கொறிக்க ஒரு தட்டு எல்லாருக்கும் பொது. புதிதாக வருகிறவர்களுக்காக வட்டத்தில் எப்போதும் ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். அதில் போய் உட்கார்ந்த நாளிலிருந்து அப்பாவுக்கு மெர்வ் கூடப்பிறந்தவர் மாதிரி ஆகிவிட்டார், அவர்கள் அடுத்தடுத்து நிறுத்திய இடத்துக்கெல்லாம் நாங்களும் பின்னாலேயே போனோம். கார் ஓட்டுவது நான்தான், ஆனால் கேரவனைக் காரோடு பூட்டுவதும் பின்னால் தள்ளி நிறுத்துவதும் மெர்வ்தான்.

போன வாரம் ஒரு மத்தியானம் அப்பா நம்முடையது என்று நினைத்து அவர்கள் கேரவனில் ஏறி, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த லொரெய்ன் பக்கத்தில் படுத்துவிட்டார். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை டப்பாக்கள், யாருக்குமே தவறும். லொரெய்ன் போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடி வந்தார்கள். மெர்வ் சிரித்துக்கொண்டே, அடுத்த தடவை டீயும் போட்டுக் குடித்துவிட்டுப் போ என்றார். நானும் சிரித்தேன், முட்டாள். மறுநாள் சாயங்காலம் வட்டம் அவர்கள் கேரவனுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது, இடைவெளி இல்லை. அப்பா நாற்காலியோடு நின்றார், ஒருவரும் நகரவில்லை. பிறகு லொரெய்ன் ஒரு தட்டு கேக்கோடு வந்தாள். "தப்பா எடுத்துக்காத நொலீன், நாங்க ஓய்வா நாலு இடம் பாக்க வந்தவங்க, நர்ஸ் வேலைக்கு வரல," என்றாள். கேக் நன்றாகவே இருந்தது. காலையில் மூன்று கேரவன்களும் இல்லை, எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதுதான் இங்கே மரியாதை, அதுகூட இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா நம் நாற்காலிகளை எடுத்துப்போய் அணைந்துபோன நெருப்பின் சாம்பல் பக்கத்தில் போட்டு, மற்றவர்களுக்கும் இடம் விட்டு, அவர்கள் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார். கடைக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம், எனக்கு வாய் வரவில்லை. "உன்னாலதான் போயிட்டாங்க கெல்வின், நீ யாருக்கும் வேணாம்," என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி அழுதார், தூங்கி எழுந்ததும் மறந்துவிட்டார், மறுநாள் சாயங்காலம் மறுபடி நாற்காலிகளைத் தூக்கினார். நானும் மறுபடி சொன்னேன். நேற்றும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் செய்தி.

உன்னை வா என்று எழுதவில்லை, வரமாட்டாய் என்று தெரியும். கேரவனைப் பூட்ட ஆள் கிடைக்கும்வரை இங்கேதான் இருப்போம். கடவுள் உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும், பிள்ளைகளுக்கு என் முத்தம். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். மெர்வ் எங்கே என்று அப்பா கேட்பார், அந்த ஒரு நாளாவது நீ சொல்.

உன் அம்மா,
நொலீன்