மூன்றாம் மாடிக்கு ஒரு வெள்ளை ரேடியேட்டர்

மார்ச் 11, 2025

வேலை போய் இன்றோடு ஒரு வாரம். காலையில் ஷோபா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, "பதினோரு மணிக்குத் தண்ணி லாரி வரும். வாட்ச்மேன் கூப்பிட்டா போய் நில்லுங்க, வீட்டுலதானே இருக்கீங்க" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. டீச்சர் வேலைக்குப் போகிற பெண்டாட்டி, லாரிக்குக் காவல் நிற்கிற புருஷன்.

போய் நின்றேன். செகந்திராபாத் பக்கம் உப்பலில் இந்த அபார்ட்மெண்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. லாரிக்காரன் முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். அப்போது மூன்றாம் மாடி நூர் முகமது ஹெல்மெட்டோடு இறங்கி வந்தான். நோன்பு வைத்த முகம், உதடு வறண்டிருந்தது. "என்னல" என்றான். "என்ன" என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டான். என்னுடைய ஆபீசுக்கு.

அவன் கடையநல்லூர், நான் அம்பாசமுத்திரம். பதினோரு வருடம் ஒரே கம்பெனி, ஒரே டீம், சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலை. அவன் லீட் ஆனான், நான் ஆகவில்லை. சரி, ஆகட்டும். எட்டுப் பேரில் இரண்டு பேரை அனுப்ப வேண்டும், யார் யார் என்று எழுதிக் கொடு என்று மேலே கேட்டிருக்கிறார்கள். என் பேரை எழுதிக் கொடுத்திருக்கிறான். முதல் நாள் சாயங்காலம் என் வாசலைத் தாண்டித்தான் படியேறிப் போனான். பெல்லை அடித்து ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நேரம் ஆகும்? மறுநாள் யாரோ ஒரு ஹெச்.ஆர். பெண் ஒன்பது நிமிட வீடியோ காலில் சொல்லி முடித்தாள்.

மார்ச் 13

லாரி வரவில்லை. அதற்கும் நான்தான் போன் செய்தேன்.

மார்ச் 31

ரம்ஜான். நூரும் அவன் மனைவி ஷமீமாவும் வட்டிலப்பத்தோடு வந்தார்கள். ஷோபா இருக்கிற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. உட்கார்ந்தேன்.

ஷமீமா வீட்டிலிருந்தே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறாள். பெரிய கம்ப்யூட்டர்தான், ஆனால் இந்த ஊர் வெயிலுக்கு அது தொண்ணூற்றைந்து டிகிரிக்குப் போய் பாதியிலேயே திணறி நின்றுவிடுகிறதாம். "ஃபேன் போடுற சத்தத்துல பக்கத்து வீட்டுல கதவைத் தட்டுதாங்கண்ணே" என்றாள்.

நூர் சொன்னான்: "தண்ணி ஓடவிட்டு கூல் பண்ணுவாங்கள்லா, அத நாமளே கட்டிரலாம்னு பாக்கேன் மாப்ள. எந்தெந்த சாமான்னு நீ பாத்துச் சொல்லு. நீதாம்ல ஒரு வரி விடாம படிப்ப."

படிப்பேனாம்! ஒரு வரி விடாமல் படிக்கிறவனை எதற்கடா எழுதிக் கொடுத்தாய்? கேட்கவில்லை. வாயில் வட்டிலப்பம். தலையாட்டினேன். வேலையைப் பிடுங்கிக்கொண்டு பொழுதுபோக்கு தருகிறான், பெரிய மனுஷன்.

ஏப்ரல் 5

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவைக்கிறேன். மூன்று நாளாகச் சந்தோஷமாக இருக்கிறேன்.

விஷயம் சின்னதுதான். சூடாகிற சிப்பின் மேல் ஒரு செம்புக் கட்டியை உட்காரவைக்க வேண்டும், அதற்கு பிளாக் என்று பெயர். அதற்குள் தண்ணீர் ஓடும். சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய் ஆறி, பம்ப் வழியாகத் திரும்பி வரும். காரில் இருக்கிற ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு கம்பெனி. ஒன்று தப்பினால் இன்னொன்றில் மாட்டாது. குழாய்க்கு உள்ளே பத்து மில்லிமீட்டர், வெளியே பதினாறு என்றால் ஃபிட்டிங்கும் அதே கணக்கில் வேண்டும். ரேடியேட்டர் கொஞ்சம் தடிமன் கூடினாலும் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல்பக்கத்தில் இடிக்கும்.

எக்செலில் பட்டியல் போட்டேன். பெயர், அளவு, திருகு, உலோகம், கிடைக்கிற இடம். பதினான்கு வரிகள். மாடிக்குப் போய் மகள் வர்ஷினியின் ஸ்கேலை வைத்துப் பெட்டியை அளந்தேன். அவள் பின்னாலேயே வந்து, "நா ஸ்கேல் இச்செய் டாடி, ஹோம்வொர்க் உந்தி" என்று ஸ்கேலைத் திருப்பிக் கேட்டுத் தெலுங்கில் நச்சரித்தாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்பனிடம் தமிழில் கேட்க வரவில்லை.

நூருக்குக் கண்ணாடி மாதிரி விறைப்பான குழாய் வேண்டுமாம், பார்க்க அழகாம். அதைச் சூடு காட்டி வளைக்க வேண்டும், முதல் தடவைக்கு வேண்டாம், ரப்பர் மாதிரி வளைகிறதே போதும் என்றேன். மறு பேச்சில்லாமல் கேட்டுக்கொண்டான். ஆபீசில் ஒருநாளாவது இப்படிக் கேட்டிருக்கிறானா?

ஏப்ரல் 12

செகந்திராபாத் போய் பிளாக், பம்ப், குழாய் எல்லாம் வாங்கினோம். ரேடியேட்டர் மட்டும் கறுப்பில்தான் இருந்தது. ஷமீமாவின் பெட்டி வெள்ளை. வெள்ளையில்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். கடைக்காரர், "சஃபேத் நக்கோ சாப், காலா லேலோ, யே பக்கா காப்பர்" என்றார். வெள்ளை வேண்டாமாம், கறுப்புதான் அசல் செம்பாம். என் பட்டியலைத் தூக்கிக் காட்டினேன். சப் காப்பர், எல்லாமே செம்பு! அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். வெள்ளையை அங்கேயே நின்று ஆன்லைனில் ஆர்டர் போட்டேன்.

ஏப்ரல் 20

கட்டி முடித்தோம். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தது, மூன்றரை ஆயிற்று. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஒவ்வொரு மூட்டின் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்து, பம்பை மட்டும் ஓடவிட்டு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு இல்லை.

அப்புறம் ஷமீமா ஒரு நிக்காஹ் வீடியோவை ஓட்டினாள். அறுபத்தாறு டிகிரி. சத்தமே இல்லை. "அண்ணே, ஓடுதா இல்லையான்னே தெரியலண்ணே!" என்று சிரித்தாள். நூர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். அந்த நிமிஷம் அவன் மேல் கோபம் இல்லை. இல்லவே இல்லை.

மே 3



சும்மா இருக்கிற நேரத்தில் இந்த மாதிரி கட்டியவர்கள் பேசிக்கொள்கிற ஒரு தளத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒருவன் படம் போட்டிருந்தான். பிளாக்கைப் பிரித்தால் உள்ளே வெள்ளையாகக் கூழ் அடைத்திருக்கிறது. கீழே ஒருவர் கேட்டிருந்தார்: அலுமினிய ரேடியேட்டரைச் செம்போடு சேர்த்தாயா? இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்தால் ஒன்று மற்றதை அரித்துவிடுமாம். மருந்து கலக்காத வெறும் தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம். முதலில் அடைக்கும், கடைசியில் ஓட்டை விழுந்து தண்ணீர் கொட்டும்.

ரேடியேட்டர் வந்த அட்டைப்பெட்டியில்தான் வர்ஷினி கலர் பென்சில் வைத்திருக்கிறாள். பென்சில்களைக் கொட்டிவிட்டுத் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில், எறும்பு சைஸ் எழுத்தில்: அலுமினியம்.

பட்டியலைத் திறந்தேன். உலோகம் என்ற கட்டத்தில் முதல் வரியில் செம்பு என்று அடித்திருக்கிறேன். அப்புறம் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்திருக்கிறேன். பதினான்கு வரியிலும் செம்பு. குழாய்கூட செம்பு. ரப்பர் குழாய், செம்பாம்! ஒரு வரி விடாமல் படிக்கிறவனாம்.

மே 4

போன நவம்பர். ஒரு வங்கிக்கான வேலை, நாற்பது சோதனை. பதினைந்தைச் செய்துவிட்டு மீதிக்கு 'பாஸ்' என்று அதே மாதிரி இழுத்துவிட்டேன். இருபத்துமூன்றாவது வரியில் வாடிக்கையாளரே தப்பைப் பிடித்தார். நூர் மேனேஜர் ரூமுக்குள் தனியாகப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான். என்னிடம், "இனிமே இழுக்காதல" என்று மட்டும் சொன்னான். யாரிடமும் என் பேரைச் சொல்லவில்லை.

இதை இத்தனை நாள் இந்த நோட்டில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியாதா?

மே 9

சொல்லவில்லை.

சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு மாடி. போய், ரேடியேட்டர் தப்பு, தண்ணீரை வடித்துவிடு, மாற்றிவிடலாம் என்றால் முடிந்தது. ஆனால் சொன்ன அடுத்த நொடி அவன் மனசில் என்ன ஓடும்? 'நல்லவேளை, சரியான ஆளைத்தான் எழுதிக் கொடுத்தேன்.' அவன் வாயால் சொல்ல மாட்டான், எனக்குத் தெரியும். கண்ணில் தெரிந்துவிடும். அந்தக் கண்ணைப் பார்க்க என்னால் ஆகாது. அவன் எழுதிக் கொடுத்தது சரி என்று நானே மாடியேறிப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணுமா?

போகட்டும். அரிச்சுத் தின்னட்டும். பெல் அடிக்காமல் என் வாசலைத் தாண்டிப் போனவன்தானே.

மே 10

நேற்று எழுதியதைப் படித்தேன். ஷமீமா என்னடா பாவம் செய்தாள் உனக்கு?

மே 17

படியில் ஷமீமா. கையில் காய்கறிப் பை.

"அண்ணே, தண்ணியில என்னமோ வெள்ளையா மிதக்கு. சூடும் நாலஞ்சு டிகிரி கூடிருக்கு. பரவால்லியா?"

இதுதான் சமயம். கடவுளே எடுத்துக் கொடுத்த மாதிரி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புதுசுல அப்படித்தாம்மா இருக்கும். தானா தெளிஞ்சிரும்."

"நீங்க சொன்னா சரிண்ணே" என்று போய்விட்டாள்.

சீ.

மே 26

ஒரு இடத்திலும் பதில் வரவில்லை. இருபத்தொரு விண்ணப்பம்.

ஜூன் 7

பக்ரீத். மூன்று பேரும் மாடிக்குச் சாப்பிடப் போனோம். கம்ப்யூட்டர் இருக்கிற அறைப் பக்கமே நான் தலைவைக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நூர், "மாப்ள, சாமான் எல்லாம் செம்புதானல?" என்றான். சும்மா கேட்கிற மாதிரி, தட்டைப் பார்த்துக்கொண்டே.

"எல்லாம் செம்புதான். லிஸ்ட்லயே இருக்குல்லா" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

"ம்" என்றான். எனக்கு இன்னும் இரண்டு துண்டு கறி எடுத்து வைத்தான். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு தின்றேன்.

ஜூன் 21

வர்ஷினிக்குப் பிறந்தநாள். ஷமீமா அவளுடைய பள்ளி ஆட்டத்தை எல்லாம் சேர்த்து, பாட்டுப் போட்டு, மூன்று நிமிட வீடியோ செய்து அனுப்பியிருந்தாள். "ஷமீமா ஆன்ட்டி இஸ் த பெஸ்ட்" என்று குதிக்கிறது பிள்ளை. ஷோபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் செய்ததுதானே.

நாளைக்குச் சொல்கிறேன். எவன் கண்ணில் என்ன தெரிந்தால் என்ன.

ஜூன் 22

போனேன். நூர் இல்லை, கடைக்குப் போயிருந்தான். ஷமீமா கதவைத் திறந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே ஆரம்பித்தேன்: "ஷமீமா, அந்த ரேடியேட்டர்ல ஒரு தப்பு நடந்துபோச்சும்மா—"

"அது மாத்தி ஒரு மாசமாச்சு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். நான் தெளிந்துவிடும் என்ற அன்றைக்கு மூன்றாம் நாள் தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டதாம். படம் எடுத்து செகந்திராபாத் கடைக்காரருக்கு அனுப்பியிருக்கிறாள். அவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். நூர் ஒருநாள் லீவு போட்டு எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி, கறுப்பு ரேடியேட்டரை வாங்கி மாட்டியிருக்கிறான். இரண்டு கல்யாண வேலை தள்ளிப்போயிற்று. ஒன்றை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"நான் அன்னைக்கே வந்து கேக்கணும்னுதான் நின்னேன். அவங்கதான் விடல. அவனுக்கும் தெரியாம இருக்கும், தெரிஞ்சா அவனே ஓடி வருவான், நீ போய்க் கேட்டு அவனைச் சங்கடப்படுத்தாதன்னாங்க. தெனமும் சொன்னாங்க. பக்ரீத் அன்னைக்கு நீங்க போனப்புறம் ஒண்ணும் சொல்லல."

அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. "டீ போடட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று இறங்கிவிட்டேன். இரண்டு மாடி இறங்குவதற்குள் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 24

பார்க்கிங்கில் நூர். "தெரிஞ்சுதான் சொல்லலல. மே மூணாம் தேதியே தெரியும்" என்றேன். தேதியோடு சொன்னேன். வேறு எதைச் சொல்ல?

ஹெல்மெட்டைக் கழற்றினான். "நான் மட்டும் என்ன" என்றான். "அன்னைக்கு ஒன் வாசல்ல நின்னேன். பெல்லுல கை வச்சேன். அடிக்கல. மூணு மாசமா அதுதான் என்னைத் தின்னுது. அதனாலதான் ஒன்ட்ட நேரா கேக்க எனக்கு வாய் வரல."

"அப்போ சரிக்குச் சரி ஆயிருச்சு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

"இல்லல. எனக்குக் கோவம் ஒன் மேல. அவ வேலைல கைய வச்சிட்ட." வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டுப் படியேறிப் போய்விட்டான்.

ஜூலை 10

மாதாப்பூரில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு இண்டர்வியூ முடிந்தது, பிடித்துவிட்டது என்கிறார்கள். படிவம் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். பழைய வேலையில் உங்களுக்கு மேலே இருந்த ஒருவரின் பெயரும் போன் நம்பரும் வேண்டுமாம், அவரிடம் விசாரிப்பார்களாம். பதினோரு வருடத்தில் எனக்கு மேலே இருந்தவர்களில் இப்போது இந்தியாவில் இருப்பது ஒரே ஆள்.

இரண்டு வாரமாகப் பேச்சில்லை. போனில் எழுதி அனுப்பினேன். 'ஒன் பேர் போடலாமா?'

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. 'போடு. கேட்டா உள்ளதச் சொல்லுவேன்.'

படிவம் திறந்தபடியே இருக்கிறது. ஷோபா வந்து எட்டிப் பார்த்து, "நூர் அண்ணன் பேரைப் போடுங்க, இதுக்கு என்ன யோசனை" என்கிறாள்.